இருநூற்று முப்பத்தொன்றாவது பதிவு

காலை 7.20. வெள்ளிக்கிழமை, 1999 அக்டோபர் 8.

பாத்திர அறையில் சாக்கை இழுத்தார்கள். வெண்கல உருளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூங்கில் கூடை கவிழ்ந்து கிடந்தது.

உருளியைத் தூக்கத் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வந்த நான்கு ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர் நெல்லையப்பன் குனிந்து கூடையை ஒரு பக்கமாகத் தூக்கி உள்ளே பார்த்தார். அறுபது கிலோ உருளி கூடைக்குள் ஒளிந்திருக்குமா என்ன? ஆனாலும் பார்த்தார். பதறிப்போன மனிதன் அப்படித்தான் பார்ப்பான்.

"செண்பகம், இதென்ன கூத்து?"

செண்பகவல்லி பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். கையில் அந்த அறையின் சாவி இருந்தது. பூட்டு உடையவில்லை; இப்போதுதான் அவளே அதைத் திறந்தாள்.

வலியசாலை தெற்குத் தெரு சமூகம் என்பது அந்த அக்ரகாரத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் சங்கம். கல்யாணம், பூணூல் என்றால் அண்டாவும் குண்டானும் அங்கிருந்துதான் போகும். விசேஷம் முடிந்ததும் தேய்த்துத் திரும்பி வரும். அவற்றில் மூத்தது 'உருளி எண் ஒன்று'. ஐந்நூறு பேருக்கு ஒரே கொதியில் பாயசம் வைக்கலாம். நவராத்திரிக்கு இன்னும் இரண்டு நாள். முதல் நாள் பாயசம் பெரிய உருளியில்தான் என்று நேற்றுக் காலை கமிட்டி கூடி முடிவு செய்திருந்தது.

சமூகத்தின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவள் செண்பகவல்லி. வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருடம் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து, முழங்கால் தகராறு செய்ததால் விருப்ப ஓய்வு வாங்கியவள். ஆனி மாதம் சமூகத்துக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. யார் கற்றுக்கொள்வது என்று கேட்டபோது கமிட்டியின் ஆண்பிள்ளைகள் எல்லோரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். "நான்" என்றாள் செண்பகவல்லி.

கிள்ளிப்பாலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு முதல் ஆறு வரை கணக்குகளைப் பதிந்து தேடித் தரும் 'ஆக்சஸ்' புரோகிராமுக்கு வகுப்பு. டீச்சர் ஆர்ஷாவுக்கு வயது இருபத்து மூன்று. முதல் இரண்டு வாரம் மௌஸ் மேஜையின் விளிம்பைத் தாண்டி ஓடியது. அடித்த தேதிகளில் பாதி தலைகீழாக விழுந்து, அத்தனையையும் திரும்ப அடிக்க வேண்டி வந்தது. பதிவுக்கு வரிசை எண்ணை அந்தப் பெட்டியே போட்டுக்கொள்ளும், அதை நாம் மாற்ற முடியாது என்று ஆர்ஷா சொன்னபோது, இவ்வளவு கறாரான குமாஸ்தாவைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லையே என்று செண்பகவல்லி மகிழ்ந்துபோனாள். மூன்றே மாதத்தில், ஏப்ரல் முதல் யார் எந்தப் பாத்திரம் எடுத்தார், எப்போது திருப்பினார் என்ற சீட்டுகள் முழுவதையும் ஏற்றி முடித்தாள். இனிமேல் காகிதம் எதற்கு என்று செகரட்டரி நாகேஸ்வரன் சீட்டுகளை அடுப்புக்கு அனுப்பிவிட்டார்.

காலை 8.05.

நாகேஸ்வரன் வந்து கூடையைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். அறுபத்து மூன்று வயது, ஓய்வு பெற்ற எஞ்சினியர். மகன் கோவளத்தில் ஓட்டல் திறந்த மாதத்திலிருந்து வாயைத் திறந்தால் 'ஹெரிட்டேஜ்' என்பார். பாத்திர அறையின் இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது.

"போலீசைக் கூப்பிடறதுதான் மரியாதை" என்று சொல்லி, ஆபீஸ் போனில் அவரே கூப்பிட்டார். கையோடு இன்னொரு போனும் செய்தார். செண்பகவல்லி அலமாரியைத் திறக்க உள்ளே போனபோது அந்தப் பேச்சின் வால் மட்டும் காதில் விழுந்தது.

"பூவெல்லாம் இன்னிக்கே எடுத்துடு. நான் வந்து சொல்றேன்."

காலை 8.50.

சப் இன்ஸ்பெக்டர் பிரவின்ராஜ் பாறசாலைக்காரர். முப்பது வயது இருக்கும். தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சாவி எத்தன?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்டே. ஒண்ணு செகரட்டரிகிட்டே."

"உருளிய கடைசியா பாத்தது?"

"பங்குனி உத்சவத்துலே. அப்பறம் சாக்கு போட்டு மூடினது. நான் தெனமும் பாத்துண்டிருந்தது அந்தச் சாக்கைத்தான்."

"பாத்திரம் கொண்டு போறவங்க கணக்கு?"

"கம்ப்யூட்டர்லே இருக்கு."

"அத யாரு இயக்குவா?"

"நான்தான்" என்றாள் செண்பகவல்லி. அதைச் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமை ஐந்து நிமிடத்தில் ஆட்டம் காணும் என்று அவளுக்குத் தெரியாது.

ஆபீஸ் அறையில் மூன்று பேர்: அவள், பிரவின்ராஜ், சமூகத்தின் பிரசிடெண்ட் தாணுமாலையன். எழுபத்து நான்கு வயதான தாணுமாலையனுக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் கறுப்புக் கண்ணாடி. எழுத்தைப் படிக்க முடியாது. நாகேஸ்வரன் வெளியே கூடத்தில் கூடிய ஜனங்களுக்கு நடந்ததை விளக்கிக்கொண்டிருந்தார்.

உருளி எண் ஒன்று. திரும்பிய தேதி காலியாக உள்ள பதிவு. இந்த இரண்டு நிபந்தனைகளையும் செண்பகவல்லி கட்டத்தில் அடித்தாள். விடையை அறிக்கையாக அச்சிடவும், தேதியைக் கிழமையோடும் மாதப் பெயரோடும் முழுசாகக் காட்டவும் நேற்று மாலை வகுப்பில்தான் கற்றிருந்தாள். கற்றதைச் செய்து பார்க்கக் கை துருதுருத்தது. பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே ஒரே ஒரு பதிவைத் துப்பியது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்.

பதிவு எண் 231. உருளி எண் ஒன்று. எடுத்தவர் நெல்லையப்பன். காரணம் கல்யாணம். எடுத்த நாள், வியாழன், ஆகஸ்ட் 5, 1999. திரும்பிய நாள் என்ற கட்டம் காலி.

செண்பகவல்லி தாளை இரண்டு தடவை படித்தாள். இப்படியொரு பதிவை அவள் போடவே இல்லை.

பிரவின்ராஜ் தாளைப் படித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். "யாருக்கும் காட்டாண்டாம்" என்றார். நெல்லையப்பனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"உருளிய எங்க கொண்டு போனீரு?"

"நானா? நான் எடுக்கலே சார்."

"ஒம்ம பேருதான் இருக்கு."

"எங்கே இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல."

நெல்லையப்பன் அந்தப் பெட்டியைப் பார்த்தார், பிறகு செண்பகவல்லியைப் பார்த்தார். "நீயா எழுதினே, செண்பகம்?"

"இல்லே மாமா."

"அப்போ அதுவா எழுதிண்டுதா?" என்றார் தாணுமாலையன். "மெஷின் பொய் பறையுமோ? நெல்லையப்பா, இந்த நவராத்திரிக்கு வேறே ஆளைப் பாத்துக்கறோம். கூடத்துலே எல்லார்கிட்டேயும் சொல்லிடறேன்."

சொன்னபடி எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்குப் போய்ச் சொல்லியும் விட்டார். முப்பத்திரண்டு வருடமாக அந்தத் தெருவில் நெல்லையப்பன் கை படாத கல்யாணப் பந்தி கிடையாது. பாத்திரக் கள்ளன் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் கரமனையிலும் கோட்டைக்குள்ளும்கூட எந்த வீட்டுச் சமையற்கட்டிலும் அவரை விடமாட்டார்கள். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மனிதர் அழவில்லை. மேல்துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அதைப் பார்க்கப் பார்க்க செண்பகவல்லிக்குக் கோபம் பொங்கியது. தன் பெட்டியை வைத்து ஒரு மனிதனின் தலையில் பழி போட்டிருக்கிறார்கள்!

காலை 9.30.

பிரவின்ராஜ் செகரட்டரியைத் தாழ்வாரத்துக்குத் தனியே அழைத்துப் பேசினார். செண்பகவல்லி கதவோரம் நின்றாள். போகச் சொல்லவில்லை, அவளும் போகவில்லை.

"கம்ப்யூட்டர் தெரியுமா சார்?"

"அய்யோ, அதுக்குத் தலை எது வால் எதுன்னே தெரியாது. இதுவரைக்கும் தொட்டதில்லே. எல்லாம் செண்பகத்தோட காரியம்."

"உருளி எப்ப போச்சு?"

"மே எட்டு. என் தங்கை பேத்தி கல்யாணத்துக்கு நெல்லையப்பன் எடுத்துண்டு போனதாக்கும். திரும்பி வந்த தேதி போடாம காலியாக் கெடக்குமே, பாத்தேளோ?"

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"இங்கேதான். நவராத்திரி நோட்டீஸ் எழுதிண்டிருந்தேன்."

பிரவின்ராஜ் குறித்துக்கொண்டார். தாள் ஆகஸ்ட் என்கிறது, பெரியவர் மே என்கிறார். வயதானவர், மாதம் மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

செண்பகவல்லி அப்படி நினைக்கவில்லை.

"சார், மாமாவை எப்போ ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறேள்?"

"பதினோரு மணிக்கு."

"எனக்கு அரை மணி நேரம் தாங்கோ, மதி."

"எதுக்கு மாமி?"

"நான் மூணு மாசமாப் படிச்சது உபயோகப்படறதான்னு பாக்கணும்."

பிரவின்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சரி என்றார்.

காலை 10.10.

ஆபீஸ் அறையில் தாணுமாலையனும் நாகேஸ்வரனும் நெல்லையப்பனும் வந்து உட்கார்ந்தார்கள். பிரவின்ராஜ் கதவைச் சாத்தினார். செண்பகவல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ.

"முதல்லே கூடை" என்றாள். "மாமா உருளியை எல்லார் முன்னாடியும் வாங்கிண்டு போயிருந்தா, அது இல்லேன்னு எல்லாருக்கும் தெரியும். அது இங்கே இருக்குன்னு காட்டக் கூடையைக் கவுத்து, சாக்கைப் போட்டு மூட வேண்டாம். அப்படி வெச்சவா கையிலே சாவி இருந்திருக்கு. மாமாகிட்டே சாவி கிடையாது."

"உன்கிட்டே இருக்கே" என்றார் நாகேஸ்வரன்.

"இருக்கு. அதான் அடுத்ததுக்கு வரேன்." சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினாள். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பென்சிலில் ஓர் எண் இருந்தது. "தபால் ஆபீஸ் பழக்கம். அன்னன்னிக்குக் கடைசிப் பதிவு எண்ணை எழுதிட்டுத்தான் எழுந்திருப்பேன். புதன்கிழமை 230. வியாழக்கிழமை புதுசா ஒண்ணும் இல்லே, அதனாலே நாலு மணிக்கு கிளாசுக்குப் போறச்சேயும் 230. இன்னிக்குப் பாத்தா 231 இருக்கு. அதுலேதான் மாமா பேர். பழைய தேதி போட்டாலும், அது பிறந்தது நேத்து சாயங்காலத்துக்கு அப்பறம்."

"நீயே காலமே அடிச்சிருப்பே."

"அடிச்சிருக்கலாம். சார், கொஞ்சம் இங்கே வாங்கோ."

பிரவின்ராஜ் மேஜையருகே வந்தார். செண்பகவல்லி அவரை உட்காரவைத்து, புதிதாக ஒரு வரியைத் திறந்தாள்.

"மே மாசம் எட்டாம் தேதியை அடியுங்கோ. நீங்க எழுதறாப்போலே."

அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். 8/5/99. திரையிலும் அப்படியே நின்றது.

"சரியா இருக்கா?"

"சரிதானே?"

"இப்போ கிழமையோட காட்டச் சொல்றேன்."

ஒரு சொடுக்கு. திரையில் எழுத்து மாறியது. வியாழன், ஆகஸ்ட் 5, 1999.

பிரவின்ராஜ் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"இந்த மெஷினுக்கு அமெரிக்கா முறை" என்றாள் செண்பகவல்லி. "மாசத்தை முதல்லே போடணும், நாளை அப்பறம். நாம நாளை முதல்லே போட்டா அது மாசம்னு எடுத்துக்கும், வாயைத் திறக்காது. மொதல் ரெண்டு வாரம் நானும் இந்தத் தப்பைத்தான் பண்ணி, அவ்வளவையும் திரும்ப அடிச்சேன். என்னோட 230 பதிவையும் இப்போ கிழமையோட எடுத்துப் பாத்தேன். ஒண்ணுகூட மாறலே. செகரட்டரி சொன்ன அதே கல்யாணத்துக்கு, அதே மாமா எடுத்த ரெண்டு அண்டாவும் இதோ, சனி, மே 8. பத்தாம் தேதி திரும்பியாச்சு. அண்டா மே மாசம் கல்யாணத்துக்குப் போறது, உருளி மட்டும் தனியா ஆகஸ்ட் அஞ்சுலே கல்யாணத்துக்குப் போறதா?" தாணுமாலையன் பக்கம் திரும்பினாள். "பிரசிடெண்ட் மாமா, ஆகஸ்ட் அஞ்சுன்னா நமக்கு என்ன மாசம்?"

தாணுமாலையன் விரலை மடக்கினார். "கர்க்கடகம். ஆடின்னா அது!"

"ஆடியிலே நம்ம தெருவுலே யார் ஆத்துலே கல்யாணம்?"

"எங்க சர்ச்சுல ஆடி பாக்கறதில்ல, அதான் எனக்குத் தட்டல" என்றார் பிரவின்ராஜ், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அப்போ இதை அடிச்சது மாசத்தை முன்னாடி போடணும்னு தெரியாத ஒருத்தர். நான் இல்லே. மாமா தன் தலையிலே தானே கல்லைப் போட்டுக்கமாட்டார். பிரசிடெண்ட் மாமாவுக்கு எழுத்தே தெரியாது இப்போ. பாக்கி?"

நாகேஸ்வரன் எழுந்துவிட்டார். "என்னைச் சொல்றயா? நான் அதைத் தொட்டதே இல்லேன்னேன்!"

"தொட்டதில்லே. ஆனா திரும்பி வந்த தேதி காலியா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். தாளைப் பாத்தது சாரும் நானும்தான். சரி, அதை ஊகிச்சேள்னு வெச்சுப்போம். உருளி போன நாளை எப்படி மே எட்டுன்னு சொன்னேள்? அந்தப் பதிவை யார் எடுத்துப் படிச்சாலும் ஆகஸ்ட் அஞ்சு. அது மே எட்டுன்னு தெரிஞ்சது, அடிச்ச விரலுக்கு மட்டுந்தான்."

நாகேஸ்வரனின் எஞ்சினியர் மூளை வேகமாகக் கணக்குப் போட்டது, ஒன்றும் தேறவில்லை.

"நேத்துக் காலமே கமிட்டி உருளியை எடுக்கணும்னு சொன்னது. சாயங்காலம் நான் கிளாசுக்குப் போனேன். தங்கை பேத்தி கல்யாணத் தேதி மனசுலே இருந்தது, பழைய பதிவைப் புரட்டிப் பாக்கப் பொறுமை இல்லே. பாத்திருந்தேள்னா என் முறை தெரிஞ்சிருக்கும்." செண்பகவல்லி பிரவின்ராஜைப் பார்த்தாள். "சார், அறுபது கிலோவை ஆத்துலே ஒளிக்க முடியாது. இப்போ கோவளத்துலே புதுசாத் திறக்கற ஓட்டல்லே எல்லாம் வாசல்லே ஒரு உருளி வெச்சு, தண்ணி விட்டு, பூ மிதக்க விடறா. காலமே இவர் போன்லே பூவை எடுத்துடச் சொன்னார். எந்தப் பூன்னு கேளுங்கோ."

கேட்க வேண்டியிருக்கவில்லை. பிரவின்ராஜ் போனை எடுத்து விழிஞ்ஞம் ஸ்டேஷனைக் கூப்பிட்டார். இருபத்தைந்து நிமிடத்தில் பதில் வந்தது. ஓட்டல் வரவேற்பறையில் பெரிய வெண்கல உருளி. தண்ணீர் கொட்டியாயிற்று, அடியில் தெச்சிப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் சமூகத்தின் பெயர் வெட்டியிருந்தது.

"திருடலே" என்றார் நாகேஸ்வரன். குரல் கீழே இறங்கியிருந்தது. "மூணு மாசம் சீசன் முடிஞ்சதும் கொண்டுவந்து வெச்சுடலாம்னுதான்... என் பையன் ஆசைப்பட்டான். செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செண்பகம் கிளாசுக்குப் போன சமயம் ஓட்டல் ஆளுகளை வெச்சு எடுத்தேன்."

"உருளிய எடுத்தது ஆசை. இந்தாளு பேர எழுதினது?" என்று கேட்டார் பிரவின்ராஜ்.

மதியம் 12.40.

வேனில் உருளி வந்து இறங்கியது. நாகேஸ்வரன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். பிரவின்ராஜ் அந்தப் பதிவு முழுவதையும் ஒரு பிளாப்பியில் நகல் எடுத்து, அச்சிட்ட தாளில் எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நெல்லையப்பன் ஆபீஸ் அறையை விட்டு நகரவில்லை.

"செண்பகம், அதுலே என் பேர் இன்னும் இருக்கா?"

"இருக்கு மாமா."

"எது?"

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். இங்கிலீஷில் பதினொரு எழுத்து. பெயரின் கடைசியில் மின்னும் கர்சர் கோட்டைக் கொண்டுபோய் நிறுத்தி, எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்று சொன்னாள். நெல்லையப்பன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று. பதினொன்றும் போனபிறகு நிமிர்ந்து மூச்சு விட்டார்.

தாணுமாலையன் தொண்டையைக் கனைத்தார். "அந்த வரியையே மொத்தமா அழிச்சுடேன், செண்பகம். ஆயிரம் இருந்தாலும் நம்ம தெருக்காரன். பேர் கெட்டுப்போகும்."

"அழிக்க ரெண்டு நிமிஷம்கூட வேண்டாம். காலமே நெல்லையப்பன் மாமா பேர் அங்கே இருந்தப்போ, நம்ம தெருக்காரன், அழிச்சுடுன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே."

சொல்லிவிட்டு, காலியான கட்டத்தில் நாகேஸ்வரனின் பெயரை அடித்தாள். காரணம், ஓட்டல். எடுத்த தேதி, 9/9/99. திரும்பிய தேதி, 10/8/99. மாதம் முன்னால், நாள் பின்னால்.

தாணுமாலையன் நெல்லையப்பன் பக்கம் திரும்பினார். "நெல்லையப்பா, நவராத்திரி நீதான் பண்ணணும்" என்றார்.

"பண்றேன்" என்றார் நெல்லையப்பன். "ஆனா என்னைக் கள்ளன்னு நீங்க சொன்னது கூடத்துலே. ஊர் முழுக்கக் கேட்டுது. இல்லேங்கறதை இந்த ரூமுக்குள்ளே சொன்னாப் போறாது."

தாணுமாலையன் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்கு நடந்தார். நெல்லையப்பன் பின்னாலேயே போய், தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பெரியவர் ஒவ்வொரு வார்த்தையையும் உரக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அதற்கப்புறம்தான் உருளியைக் கழுவத் தண்ணீர் இறைக்கச் சொன்னார்.